இன்ஜின் ஆயில் எங்கே போகிறது?

"வண்டி ஆயில் குடிக்குது, இன்ஜின் வேலை வந்துட்டு போல." நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு எப்படியும் வந்துவிடும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கில் மட்டம் இறங்கியிருந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். வண்டிக்கு அடியில் தரையில் கறை இருந்தாலும் இதேதான். ஆயில் கறுத்துப்போயிருந்தாலும் இதேதான். இந்தக் குழப்பத்தில், கசிவை அடைக்கும் சில நூறு ரூபாய் பேக்கிங்கில் தீர வேண்டிய காரியத்துக்கு இன்ஜினையே பிரித்தவர்கள் உண்டு. உண்மையிலேயே ஆயில் எரிகிற வண்டியை "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று விட்டுவிட்டு, நெடுஞ்சாலையில் இன்ஜின் பிடித்துப்போய் நின்றவர்களும் உண்டு.

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம். ஆயில் கறுப்பதற்கும் எரிவதற்கும் சம்பந்தமில்லை. இன்ஜினுக்குள் உண்டாகும் கரியைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றிச் சில நூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள்ளேயே அது கறுத்துவிடும். கறுத்த ஆயில் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நாம் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, அளவை.

கொஞ்சம் ஆயில் எரிந்தே ஆகும்

ஐப்பசி மழையில் வராண்டாவில் தண்ணீர் அடித்து நிற்கும்போது, ரப்பர் நாக்கு வைத்த வைப்பரால் அதை மூலையில் இருக்கும் ஓட்டைக்குத் தள்ளுகிறோம். எவ்வளவு நன்றாகத் தள்ளினாலும் தரையில் மெல்லிய ஈரம் மிஞ்சும். ரப்பர் தேய்ந்திருந்தால் வரி வரியாகத் தண்ணீர் நிற்கும். தரை குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. ரப்பரும் தரையும் நன்றாக இருந்து, மூலை ஓட்டையில் சருகு அடைத்திருந்தாலோ, தள்ளிய தண்ணீர் திரும்பி வந்துவிடும்.

இன்ஜினுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். எரிபொருள் எரிகிற உருளையான அறைக்குச் சிலிண்டர் என்று பெயர். அதற்குள் மேலும் கீழும் ஓடுவது பிஸ்டன். பிஸ்டனைச் சுற்றி வெட்டிய காடிகளில், பெரும்பாலான கார்களில், மூன்று ரிங்குகள் உட்கார்ந்திருக்கும். மேலே உள்ள இரண்டும் கம்ப்ரெஷன் ரிங்குகள். எரியும் வாயுவின் அழுத்தம் கீழே கசியாமல் தடுப்பது இவற்றின் முதல் வேலை. மூன்றாவதான ஆயில் ரிங்தான் நம்முடைய வைப்பர். சிலிண்டர் சுவரில் தெறிக்கும் ஆயிலை அது வழித்து, காடிக்குள் இருக்கும் சிறு துளைகள் வழியாகக் கீழே அனுப்புகிறது. கீழே ஆயில் தேங்கி நிற்கும் தொட்டிக்குச் சம்ப் என்று பெயர்.

வழித்த பிறகும் சுவரில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ரிங்கும் சுவரும் நேருக்கு நேர் உரசிச் சீக்கிரமே நாசமாகிவிடும். அந்தப் படலத்தில் ஒரு துளியின் துளி ஒவ்வொரு முறையும் எரிபொருளோடு சேர்ந்து எரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் 1000 கி.மீ. ஓட 1000 நிமிடம் ஆகும். இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் மொத்தம் 20 லட்சம் சுற்று. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து 80 லட்சம் முறை சுவரை வழித்தாக வேண்டும். இத்தனைக்கும் பிறகு 100 மி.லி. குறைந்தால் அதை நோய் என்று சொல்ல முடியாது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நல்ல இன்ஜினும் கொஞ்சம் ஆயில் எரிக்கும். ரிங் தேய்ந்தாலோ, சிலிண்டர் சுவர் தேய்ந்தாலோ, காடியின் துளைகள் அடைத்துக்கொண்டாலோ அந்தக் கொஞ்சம் அதிகமாகும். இந்த மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றல்ல.

அளக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

எனக்கு இதில் பிடிவாதமே உண்டு. "அடிக்கடி ஊத்த வேண்டியிருக்கு" என்பது அளவு ஆகாது. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை மில்லி என்று கையில் ஒரு எண் வந்த பிறகுதான் ஒர்க்‌ஷாப்பில் பேச்சைத் தொடங்க வேண்டும்.

அளப்பது கடினமில்லை. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். விளவங்கோடு, கல்குளம் பக்கம் நிலமே மேடும் பள்ளமும்தான். வீட்டு முற்றத்தில் கார் நிறுத்தும் இடமும் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். சரிவில் நின்று பார்த்தால் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். பெட்ரோல் பங்க் தளம் மாதிரி ஒரு இடத்தைத் தேர்ந்துகொண்டு எப்போதும் அங்கேயே பாருங்கள். இன்ஜினை நிறுத்தி ஐந்து பத்து நிமிடம் விட்டால் மேலே இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடும். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுதாக உள்ளே விட்டு, மறுபடி உருவிப் பார்க்க வேண்டும். மேல் கோடுவரை ஆயில் ஊற்றி, மீட்டரில் எத்தனை கி.மீ. என்று குறித்துக்கொள்ளுங்கள். 1000 கி.மீ. ஓடிய பிறகு அதே இடத்தில், அதே முறையில், மேல் கோட்டைத் தொட எத்தனை மி.லி. ஊற்ற வேண்டியிருக்கிறது என்று அளவுக்குப்பியால் பாருங்கள். கிடைக்கும் எண்தான் உங்கள் இன்ஜினின் உண்மையான கணக்கு.

சில கார் நிறுவனங்களின் கையேடுகள் 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்கின்றன. என்னைக் கேட்டால் அது தாராளமான அளவு. நிறைய கார்களில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு லிட்டர்தான் இருக்கும். 10,000 கி.மீ.க்கு ஒருமுறைதான் ஆயில் சர்வீஸ் என்று நம்பி இருப்பவரின் வண்டி அந்த அரை லிட்டர் கணக்கில் எரித்தால், 2000 கி.மீ.யிலேயே ஆயில் கீழ் கோட்டுக்கு வந்துவிடும். மீதி 8000 கி.மீ. எப்படி ஓடும்? புதிய இன்ஜினில் ரிங்குகள் சுவரோடு பழகும்வரை கொஞ்சம் கூடுதலாகக் குறையும், அது தானாகச் சரியாகும். ஓடிப் பழகிய வண்டியில் கால் லிட்டரைத் தாண்டினால் காரணம் தேடத் தொடங்குவது நல்லது. எண் எதுவானாலும், அது மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டே போகிறதா என்பதுதான் அதைவிட முக்கியம்.

பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த டீசல் வண்டிகளை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று அந்த வண்டிகளில் இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்ப்பதற்காக இன்ஜின் அவ்வப்போது கூடுதலாக டீசலை விடும். வடசேரி, வேப்பமூடு என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டியில் அந்த வேலை பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் ஆயிலோடு கலந்து மட்டம் ஏறும். அப்படி ஏறுவது ஆயில் குறைவதை மறைத்துவிடும். டிப்ஸ்டிக்கில் மட்டம் கூடியிருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். டீசல் கலந்து நீர்த்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும்.

முதலில் வண்டிக்கு அடியில் பாருங்கள்

குறையும் ஆயில் எல்லாம் எரிவதில்லை. நிறைய வண்டிகளில் அது வெளியேதான் கசிகிறது. இரவு வண்டியை நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய அட்டையை விரித்து வைத்துவிட்டு, காலையில் எங்கே சொட்டியிருக்கிறது என்று பாருங்கள். இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங், ஆயில் பில்டர், சம்ப்பின் அடிப்போல்ட், கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல் ஆகியவை வழக்கமான கசிவு இடங்கள். கிராங்க் என்பது பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரிக் கடற்கரை ஊர்களில் தகரச் சம்ப் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் பொடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போது மட்டும் கசிந்து, சூடான புகைக்குழாய் மேல் சொட்டி அங்கேயே தீய்ந்துபோகும் கசிவும் உண்டு. அட்டையில் கறை இல்லை என்பதால் கசிவே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. இன்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு வாரம் ஓட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் புதுக் கசிவு பளிச்சென்று தெரியும்.

எரிவதற்கு எந்தெந்த வழி?

கசிவு இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் ஆயில் எரிகிறது. அது சிலிண்டருக்குள் போய்ச் சேர நாலு வழி உண்டு.

முதல் வழி நாம் பார்த்த ரிங்குகள். பல வண்டிகளில் ரிங் தேயாமலேயே, காடிக்குள் கரி இறுகி ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஆயிலைத் திருப்பி அனுப்பும் துளைகளும் அடைத்துக்கொள்ளும். ஆயில் மாற்றுவதை இழுத்தடிப்பதும், இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடும் குறும்பயணங்களும் இதற்கு முக்கியக் காரணங்கள். தேய்மானத்துக்கு நம் பகுதியில் இன்னொரு காரணம் தூசி. கல் குவாரி லாரிகள் ஓடும் சாலைகளில் தினமும் போய்வரும் வண்டியில் ஏர் பில்டர் கிழிந்திருந்தாலோ சரியாக உட்காராமல் இருந்தாலோ, உள்ளே போகும் கல்தூசி சிலிண்டர் சுவரை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும். பில்டர் விலையைப் பார்த்து இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இரண்டாவது வழி வால்வ் சீல். சிலிண்டருக்குள் காற்று வருவதற்கும் புகை போவதற்கும் திறந்து மூடுகிற கதவுகள் வால்வுகள். அவற்றின் தண்டு வழியாக மேலிருந்து ஆயில் இறங்காமல் தடுக்கும் சிறிய ரப்பர் தொப்பிதான் வால்வ் சீல். ஆண்டுக்கணக்காகச் சூட்டில் கிடந்து அந்த ரப்பர் கல்லாகிவிட்டால் ஆயில் இறங்கத் தொடங்கும்.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதும் சம்ப் பக்கம் இறங்கும். அதை வெளியே விடாமல், மறுபடி இன்ஜினே இழுத்து எரிக்கும்படி ஒரு குழாய் இருக்கும். அந்தக் குழாயில் வாயுவின் அளவைக் கட்டுப்படுத்தும் சிறு உறுப்புக்குப் பி.சி.வி. வால்வ் என்று பெயர். அது பழுதானால் வாயுவோடு சேர்ந்து ஆயில் ஆவியும் இழுக்கப்படும். இதன் விலை மிகக் குறைவு, மாற்றவும் அதிக நேரம் ஆகாது. ஆயில் குறைகிறது என்று வருகிற ஒவ்வொரு வண்டியிலும், கசிவு இல்லை என்று தெரிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

நாலாவது வழி டர்போ உள்ள வண்டிகளுக்கு மட்டும். வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி அது. அதன் தண்டுக்கு இன்ஜின் ஆயில்தான் போகிறது. தண்டின் தாங்கி தேய்ந்தால் ஆயில் காற்றோடு கலந்து எரியும்.

புகையைப் படிப்பது

ஆயில் எரிந்தால் புகை நீலமாக இருக்கும். கறுப்புப் புகை எரிபொருள் அதிகமாகிவிட்டதைச் சொல்கிறது. மழைக்காலக் காலையில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் வெறும் நீராவி. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு பிரச்சினை, உடனே காட்ட வேண்டும்.

நீலப் புகை எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ஒரு குபீர், பிறகு ஒன்றுமில்லை என்றால், வால்வ் சீல் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கித் தேங்கியது எரிகிறது. பொன்முடி மலைக்குப் போய்விட்டு 22 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் கியரிலேயே இறங்கி, கீழே சமதளம் வந்ததும் மிதிக்கும்போது நீலமாக வந்தாலும் பெரும்பாலும் அதே காரணம்தான். பெட்ரோல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை விட்டதும் காற்று வரும் வாசல் மூடிக்கொள்ளும். பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டருக்குள் உறிஞ்சல் பலமாகும். அது தளர்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துவிடும். ஆளும் சுமையும் ஏற்றி மேடு ஏறும்போது விடாமல் நீலமாக வந்தால் ரிங் பக்கம் சந்தேகப்பட வேண்டும்.

புகையே இல்லாமலும் ஆயில் எரியும். புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது நச்சு வாயுக்களைச் சுத்தப்படுத்தும் பெட்டி, கொஞ்சம் ஆயில் புகையையும் எரித்து மறைத்துவிடும். ஆனால் ஆயிலில் சேர்த்திருக்கும் பாஸ்பரஸ் அந்தப் பெட்டியை நாளடைவில் செயலிழக்கச் செய்யும். அதை மாற்றுவது செலவு பிடிக்கும் வேலை.

உறுதிப்படுத்த வேண்டுமென்றால் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் மீட்டரை வைத்து, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று பார்க்கும் சோதனை இது. அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். அழுத்தம் ஏறினால் ரிங் பக்கம் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வ் பக்கம் கோளாறு. கழற்றிய பிளக்கில் எது ஆயில் பிடித்துக் கறுப்பாக நனைந்திருக்கிறது என்பதும் எந்தச் சிலிண்டர் என்று காட்டிக்கொடுக்கும். அழுத்தம் எல்லாவற்றிலும் சரியாக இருந்து, ஆயில் மட்டும் குறைந்தால் வால்வ் சீல், பி.சி.வி., அல்லது கரி பிடித்த ஆயில் ரிங் என்று சந்தேகம் சுருங்கிவிடும். இந்தச் சோதனை எதுவுமே செய்யாமல் "இன்ஜினை இறக்கணும்" என்று சொல்லும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

ஆக, வரிசை இப்படி: அளவு, கசிவு, பி.சி.வி., புகை, கம்ப்ரெஷன். இன்ஜினைப் பிரிப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு.

சிவப்பு விளக்கை நம்பி இருக்காதீர்கள்

டேஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியாதவரை ஆயில் போதுமான அளவு இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆபத்தான நினைப்பு இது. பெரும்பாலான கார்களில் அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அளவை அல்ல, அழுத்தத்தை. சம்ப்பில் ஆயில் மிகவும் குறைந்து, பம்ப் காற்றை உறிஞ்சத் தொடங்கிய பிறகுதான் அது எரியும். காவல்கிணறு தாண்டி மதுரை ரோட்டில் போகும்போது அது எரிந்தால், "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்று ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் எரிவதால் இன்ஜின் சாவதில்லை. குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவதால்தான் கிராங்க்கின் பேரிங்குகள் உருகி இன்ஜின் போகிறது.

சரி, என்ன செய்யலாம்?

பி.சி.வி., பேக்கிங் போன்றவற்றை யோசிக்காமல் மாற்றிவிடலாம். வால்வ் சீலுக்கும் பயப்பட வேண்டாம். பல இன்ஜின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வைப் பிடித்துவைத்து, இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்காமலேயே சீல் மாற்ற முடியும்.

ரிங் கரி பிடித்திருக்கிறது என்று சந்தேகம் இருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்க்கலாம். பிளக் துளை வழியாகக் கரி கரைக்கும் திரவத்தை விட்டு இரவெல்லாம் ஊறவைத்து, மறுநாள் அதை வெளியேற்றிவிட்டு ஆயிலையும் பில்டரையும் மாற்றுவார்கள். பிறகு சில முறை 5000 கி.மீ.க்கே ஆயில் மாற்றி வர வேண்டும். எல்லா வண்டியிலும் இது பலிக்காது. ரிங் ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்றால் பலிக்க வாய்ப்புண்டு. ஏற்கெனவே தேய்ந்துபோன ரிங்கை எந்தத் திரவமும் வளர்த்துத் தராது.

கெட்டியான ஆயில் ஊற்றும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். ஆயில் டப்பாவில் போட்டிருக்கும் 5டபிள்யூ-30 என்பதில் கடைசி எண், இன்ஜின் சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. கையேட்டிலேயே 40 ஊற்றலாம் என்று அனுமதி இருந்தால் 30லிருந்து 40க்குப் போவதில் தவறில்லை, ஆயில் எரிவது கொஞ்சம் குறையவும் செய்யும். கையேட்டைத் தாண்டி அதைவிடக் கெட்டியாகப் போனால், ஸ்டார்ட் செய்யும்போது குறுகலான வழிகளுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். ஒரு தேய்மானத்தை மறைக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கிவிடுவோம். "குறையுதுல்லா, கொஞ்சம் கூடுதலா ஊத்தி வச்சிருக்கேன்" என்று மேல் கோட்டுக்கு மேலே ஊற்றுவதும் தப்பு. சுழலும் கிராங்க் ஆயிலை அடித்து நுரைக்கவைக்கும். பி.சி.வி. வால்வ் இருக்கும் குழாய் வழியே அது சிலிண்டருக்குப் போய் இன்னும் எரியும்.

சோதனையில் தேய்மானம் உறுதியானால் இன்ஜின் வேலைதான். அப்போதும் ரிங்கை மட்டும் மாற்றி முடித்துவிடலாமா என்று கேட்டால், சிலிண்டரை அளந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள் என்பேன். சுவர் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், லேத்தில் கொடுத்துச் சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட வேண்டும். இதுதான் ரீபோர். அளக்காமல் புது ரிங் போட்டால் கொஞ்ச நாளில் பழைய கதையே திரும்ப வரும்.

ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு நேர்மையான முடிவுதான். ஆண்டுக்கு 8000 கி.மீ. மட்டும் ஓடும் பழைய கார், 1000 கி.மீ.க்குக் கால் லிட்டர் எரித்தால், ஆண்டுக்கு 2 லிட்டர் ஆயில். பத்தாயிரக்கணக்கில் செலவழித்து இன்ஜின் வேலை செய்வதைவிட, டிக்கியில் அதே ரக ஆயில் ஒரு லிட்டர் வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக் பார்ப்பது புத்திசாலித்தனம். கண்ணுக்குத் தெரிகிற நீலப் புகை விடும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் அதைத்தான் சுவாசிக்கிறார்.

பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு

களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குப் போய்ப் பழைய கார் பார்ப்பவர்கள் நம் குமரி மாவட்டத்தில் நிறைய. போகும் முன்பே போன் செய்து, "நாங்க வாற வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கைவைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், காலையில் வரும் முதல் புகையை உங்களுக்குக் காட்ட விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜினை வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நின்று பாருங்கள். நன்றாகச் சூடானதும், ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் லேசான ஆவி வருவது இயல்பு. குப் குப்பென்று அழுத்தத்தோடு புகை தள்ளினால் ரிங்குகள் வாயுவைப் பிடித்து நிறுத்தவில்லை. மனதுக்குப் பிடித்த வண்டியாக இருந்தாலும், விலை பேசுவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை வைத்து ஒரு கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கக் கேளுங்கள். அதற்குச் சம்மதிக்காவிட்டால் அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போங்கள்.